எழும்பூர் வரை ஒரு நடை போயிட்டு வா

மக்கா,

வீட்டில் எல்லாரும் நலம்தானே? இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவியில் கீழே ஓடுகிற எழுத்தையெல்லாம் சத்தமாக வாசித்து எங்கள் உயிரை எடுக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஊரில் தொல்லியல் சொற்பொழிவு ஒன்று வைத்தார்கள். வரவேற்புரை, பொன்னாடை, பேச வந்தவரைப் பற்றி ஒரு பேச்சு, அப்புறம்தான் பேச்சு. மனுஷன் நம் தூத்துக்குடிப் பக்கத்துச் சிவகளை அகழாய்வு, கிமு 3345 என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார், கூட்டம் திருப்பித் திருப்பிக் கைதட்டியது. செத்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை, அதாவது முதுமக்கள் தாழி, அதற்குள் இரும்போடு கிடந்த கரியைச் சோதித்து வந்த ஆண்டு அது. அதை ஒரு வரி சொன்னால் கைதட்டல் குறைந்துவிடுமா?

கடைசியில் நம் ஒட்டகத்தின் மகள் எழுந்தாள். ஆறாவது படிக்கிறாள், அப்பனைப் போலவே கழுத்து. "ஆளை எப்படி அதுக்குள்ள வச்சாங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, அடுத்த ஞாயிறே அப்பனையும் மகளையும் தாழிகள் புதைந்து கிடக்கிற ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்குக் கூட்டிப் போனேன்.

2023 ஆகஸ்டில் அங்கே குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டுத் திறந்தார்கள், பார்த்திருக்கிறாயா? தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன, நாம் மேலே நடக்கலாம். பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திக் குப்புறப் படுத்துவிட்டாள். சிலவற்றில் உடலை மடக்கி வைத்தார்கள், சிலவற்றில் எலும்பை மட்டும் எடுத்து வைத்தார்கள் என்று சொன்னேன். உள்ளே வைத்த சட்டிகளில் நெல் உமிகூட இருந்ததைச் சொன்னதும், "அப்போ பசிக்கும்னு நினைச்சாங்களா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் கேட்டாளே ஒன்று: "இங்க எடுத்த சாமானெல்லாம் எங்க?"

1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் தொல்லியல் துறை அலெக்சாண்டர் ரீ எடுத்தவை, தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம் எல்லாம், உங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 114 ஏக்கர் பரம்பு, பக்கத்து ஊர்ப்பிள்ளை பார்க்க 600 கிலோமீட்டர் ரயிலேற வேண்டும். பத்திரமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஆறவில்லைலே.

அதனால் உனக்கு ஒரு வேலை. பள்ளிக் கண்காட்சிக்கு அவள் களிமண்ணில் அந்த வெண்கல மூடிகளைச் செய்யப் போகிறாள். உச்சியில் எருமை, ஆடு, சேவல் எல்லாம் நிற்குமே, அவைதான். காட்சிக்கு வைத்திருந்தால் முன்னாலும் பக்கவாட்டிலும் படம் எடு. பிளாஷ் வேண்டாம். கீழே எழுதியிருக்கிற விளக்கத்தையும் சேர்த்து எடு. வெள்ளிக்கிழமை போய் நின்றுவிட்டு, பூட்டிக் கிடந்தது என்று கதை விடாதே, அன்றைக்குத்தான் அங்கே விடுமுறை. உன்னை எனக்குத் தெரியும்.