கேட்ச் விட்டதையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொங்குப் பகுதி டோர்னமெண்ட் செய்திகளை விடாமல் போடுகிறீர்கள், நன்றி. ஆனால் 2 ரன்னில் ஜெயித்த ஆட்டத்துக்கும் 120 ரன்னில் ஜெயித்த ஆட்டத்துக்கும் அதே நாலு வரிதான். 'பரபரப்பான ஆட்டம்' என்கிறீர்கள். என்ன பரபரப்பு என்றுதான் தெரிய மாட்டேன் என்கிறது.

நான் பெருந்துறைப் பக்கம் உள்ளூர் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். அமெரிக்க பேஸ்பாலின் 'பாக்ஸ் ஸ்கோர்' படிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு ஆட்டம் முழுவதையும் உள்ளங்கை அகலக் கட்டத்தில் அடக்கிவிடுவார்கள். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக் 1859-லேயே இதற்கு வடிவம் கொடுத்துவிட்டார்.

2016 வேர்ல்டு சீரிஸின், அதாவது அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின், ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோ கப்ஸ் 8, கிளீவ்லாந்து 7, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பத்து இன்னிங்ஸ். 1908-க்குப் பிறகு கப்ஸ் வாங்கிய முதல் கோப்பை. எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்து மூன்று ரன் எடுத்து 6-6 ஆக்கியது, ஒன்பது முடிந்ததும் மழையால் 17 நிமிடம் ஆட்டம் நின்றது, பத்தாவதில் கப்ஸ் இரண்டு ரன் எடுத்தது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் பார்ப்பது கட்டத்தின் கடைசி காலத்தை (column). ரன், ஹிட் (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டியது), அப்புறம் எரர் (ஃபீல்டிங் தவறு). கப்ஸுக்கு 8, 13, 3. கிளீவ்லாந்துக்கு 7, 11, 1. கோப்பையை வாங்கிய அணிதான் ஃபீல்டிங்கில் அதிகம் சொதப்பியிருக்கிறது!

மூன்று எரரில் இரண்டு ஹாவியர் பாயஸ் செய்தது, ஒன்று நம் விக்கெட் கீப்பர் மாதிரி நிற்கும் கேட்ச்சர் டேவிட் ராஸ் செய்தது. ஐந்தாவதில் பாயஸும் ஆறாவதில் 39 வயது ராஸும் ஆளுக்கொரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்திருக்கிறார்கள். விட்டதும் அடித்ததும் ஒரே கட்டத்தில், அவரவர் பெயரிலேயே நிற்கிறது. எது எரர் என்று முடிவு செய்ய மைதானத்திலேயே அதிகாரப்பூர்வ ஸ்கோரர் ஒருவர் இருப்பார். எரரால் வந்த ரன், பந்து வீசும் பிட்சரின் சராசரியில் ஏறாது.

நம் ஸ்கோர் கார்டில் ஸ்லிப்பில் நின்றவர் லட்டு மாதிரி வந்த கேட்ச்சை விட்டாலும் பழி பவுலருக்குத்தான். '4 ஓவர், 46 ரன்' என்று அவர் பெயர்தான் அச்சில் வரும். விட்டவர் பெயர் எங்கேயும் இருக்காது. திருப்பூர் பனியன் கம்பெனி செக்கிங்கில்கூட ஓட்டை விழுந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவார்கள்.

அவர்கள் கணக்கும் சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் கொடுத்து முன்னிலையைக் கோட்டைவிட்டவர் கப்ஸ் பிட்சர் அரோல்டிஸ் சாப்மன். பத்தாவதில் கப்ஸ் மறுபடி முன்னேறியபோது அதற்கு முன் அவர்களுக்காகக் கடைசியாகப் பந்து வீசியவர் அவர்தான் என்பதால், விதிப்படி வெற்றி பெற்ற பிட்சர் என்று அவர் பெயரையே எழுதிவிட்டார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அவர் கொடுத்த ஹோம் ரனும் அதே கட்டத்தில் இருப்பதால் ஏமாற வழியில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இறுதி ஓவர் வரை போன ஆட்டங்களுக்காவது விட்ட கேட்ச், தவறிய ரன் அவுட், ஓவர்த்ரோ மூன்றையும் பெயரோடு ஒரே வரியில் போடுங்கள். ஸ்கோரர்களிடம் கேட்டால் எழுதித் தருவோம். இடம் போதவில்லை என்றால், கோப்பை வழங்கும் சிறப்பு விருந்தினர் படத்தை ஒரு இஞ்ச் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உள்ளூர் ஸ்கோரர்,
பெருந்துறை.