ஸ்பேனர் மேலேயே செய்தவர் பெயர் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளச்சலில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு போல்ட்டைக் கழற்றும்போது, வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத 19-ம் நம்பர் ஸ்பேனரின் வாய் அகன்று நழுவியது. கை இரும்பில் இடித்து மூன்று தையல். அப்புறம் நாகர்கோவிலுக்குப் போய், விலை கூடின வேறு பிராண்டு வாங்கி வந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பொறித்த பெயர் மட்டும் வேறு. கைப்பிடிப் பள்ளத்தின் நீளம், ஒன்பதின் வால் வளைந்திருக்கும் விதம், கழுத்தில் இருக்கும் சின்னப் பிசிறு எல்லாம் அப்படியே ஒன்று. ஒரே அச்சில் அடித்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அச்சு ஒன்று, சரி. இரும்பும் ஒன்றா? சூடுபோட்டுப் பதப்படுத்தியதும் ஒன்றா? ஸ்பேனரின் பலமே அதில்தான் இருக்கிறது. 'குரோம் வனேடியம்' என்று எஃகின் வகையைப் பொறித்திருந்தாலும், பதம் சரியில்லை என்றால் வாய் விரியும், அல்லது உடையும். இதைச் செய்த பட்டறையிடம்தான் கேட்க முடியும். அந்தப் பட்டறை எது?

பிராண்டுக்காரர்தான் செய்தவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவில் சியர்ஸ் கடைக்காரர்கள் பல்லாண்டு விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கருவிகளை அடித்துக் கொடுத்தவை வேறு கம்பெனிகள். 2017-ல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவிக் கம்பெனி வாங்கியது. டிவால்ட், இர்வின் என்ற கருவிப் பிராண்டுப் பெயர்களும் அவர்களிடமே உள்ளன. நம் ஜலந்தர், லூதியானா பட்டறைகளும் பிறர் பெயரில் அடித்துக் கொடுக்கின்றன. அதில் தப்பில்லை. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அது தெரியாமல் இருப்பதுதான் தப்பு.

2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, தயாரித்தவர் பெயரும் முகவரியும் உறையில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கோ, இறக்குமதி செய்தவர் பெயரும் நாட்டின் பெயரும் இருந்தால் போதும். கடையில் கொக்கியில் தொங்குகிற ஸ்பேனருக்கு உறையே கிடையாது. உறை இருந்தாலும் டூல் பாக்ஸில் அது எத்தனை நாள் இருக்கும்?

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பொருளுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் வந்துவிடும். சக மெக்கானிக்குகள் வாங்குமுன் இதைப் பார்க்க வேண்டுகிறேன்.

எங்கள் மாவட்டத்தின் மேற்கே, ரப்பர் பால்வெட்டுக் கத்தியைக் கொல்லரிடம் சொல்லிச் செய்து வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. விளிம்பு மடங்கினால் நேரே அவர் பட்டறைக்குப் போய்க் கேட்பார்கள். ஸ்பேனர் வாங்குகிற எனக்கும் அந்த உரிமை வேண்டும். உள்நாட்டுச் சரக்கோ வெளிநாட்டுச் சரக்கோ, தயாரித்த தொழிற்சாலையின் பெயரையோ குறியீட்டு எண்ணையோ இரும்பிலேயே பொறிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை விதி கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
படகு மெக்கானிக் ஒருவர்,
குளச்சல்.