வீட்டு பியர் கறுத்தால் மால்ட்டை மட்டும் குறை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் வீட்டில் பியர் தயாரிப்பதைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஈசூனில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பதினோர் ஆண்டுகளாக பியர் தயாரித்துவருகிறேன் என்பதால், இந்தப் பொருள் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வந்ததே எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் அதில் நிறத்தைப் பற்றிய பத்தி புதியவர்களை வழி தவறச் செய்துவிடுமோ என்று கவலைப்படுகிறேன். பியர் எதிர்பார்த்ததைவிடக் கறுத்துவிட்டால் அடுத்த முறை கேரமல் மால்ட்டை, அதாவது நிறமும் இனிப்பும் தருவதற்காக முளைகட்டி வறுத்த பார்லியை, குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே கட்டுரை கூறுகிறது. மால்ட்டே காரணமாக அமையும் நேரங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் வீட்டில் தயாராகும் வெளிர்நிற பியர் கறுப்பதற்குப் பெரும்பாலும் நாம் தயாரிக்கும் விதமே காரணமாக இருக்கிறது. எந்தக் கட்டத்தில் கறுத்தது என்று கண்டறியாமல் பொருள்களை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். தொடக்க காலத்தில் நான் தயாரித்த பேல் ஏல் என்ற வெளிர்நிற பியர் ஒவ்வொரு முறையும் ஆறாவது வாரத்தில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போலப் பழுப்பாகிவிடும். முதலில் கேரமல் மால்ட்டைப் பாதியாகக் குறைத்தேன். அடுத்த முறை அதை அறவே விட்டேன். அதற்கும் அடுத்த முறை மால்ட் வாங்கும் கடையையே மாற்றினேன். ஏறக்குறைய ஓராண்டு இப்படிக் கழிந்தபின்தான், போத்தலில் அடைத்த அன்று பியர் நல்ல பொன்னிறமாக இருந்ததை என் குறிப்பேட்டில் நானே எழுதிவைத்திருந்தது கண்ணில் பட்டது. அடைத்த அன்று பொன்னிறமாக இருந்த பியர் பிறகு கறுக்கிறது என்றால், அந்தக் கறுப்புக்கு மால்ட் எப்படிப் பொறுப்பாகும்? அடைக்கும்போது உள்ளே புகுந்த ஆக்சிஜன்தான் காரணம்.

நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பதற்குக் காரணமான பாலிஃபீனால் இனச் சேர்மங்கள், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவிலும் பார்லியின் உமியிலும் இருக்கின்றன. பியரில் ஆக்சிஜன் கலந்தால் அவை மெல்ல நிறம் மாறுகின்றன. நிறத்தோடு மணமும் கெடும். ஹாப்ஸின் பழவாசனை மங்கி, நனைந்த அட்டைப்பெட்டியை முகர்வது போன்ற வாடை எழும். ஓட்ஸும் கோதுமையும் சேர்த்து, நொதித்தலின்போது ஹாப்ஸை அள்ளிப் போட்டுத் தயாரிக்கும் கலங்கலான ஐபிஏ என்ற, ஹாப்ஸ் மிகுந்த பியர் வகையில் இந்தப் பாதிப்பு மிகக் கடுமையாக இருக்கும். இளமஞ்சளாக இருந்த பியர் சில வாரங்களிலேயே சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். நம் ஊரில் அறை வெப்பநிலையே 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதால், அலமாரியில் வைத்த போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததைவிட மிக விரைவாகக் கெடுகிறது.

இதில் புதியவர்களைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. காய்ச்சி ஆறவைத்த இனிப்புச் சாற்றில், அதாவது வோர்ட்டில், ஈஸ்ட்டைச் சேர்க்கும் நேரத்தில் ஆக்சிஜன் தேவை. ஈஸ்ட் பெருகுவதற்கு அது உதவுகிறது. ஆகவே அந்த நாளில் சாற்றை உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்கச் செய்வது நல்லது. நொதித்தல் முடிந்தபின் அதே செயல் பியரைக் கெடுக்கும். நான் புனல் வைத்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நொதிகலனின் மூடியை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து, சர்க்கரை எவ்வளவு மீதமிருக்கிறது என்று காட்டும் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். பிறகு, குழாயைப் போத்தலின் அடிவரை இறக்கிச் சலசலப்பின்றி நிரப்பி, கழுத்தில் இரண்டு விரல் இடம் மட்டும் விட்டு உடனே மூடியை அழுத்தப் பழகினேன். போத்தலுக்குள் வாயு பிடிப்பதற்காக இரண்டு வாரம் வெளியே வைத்தபின் அனைத்தையும் குளிரில் வைத்தேன். பழைய அளவிலேயே கேரமல் மால்ட்டைச் சேர்த்தும், எட்டாவது வாரத்தில் திறந்த போத்தலில் பியர் பொன்னிறமாகவே இருந்தது.

அடைக்கும் நாளுக்கு முன்பே, பாத்திரத்திலேயே கறுத்துவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு. நம்மில் பலர் முளைகட்டிய பார்லியை நேரடியாக ஊறவைப்பதில்லை. டின்னில் வரும் மால்ட் எக்ஸ்ட்ராக்டைத்தான் பயன்படுத்துகிறோம். அந்தப் பாகு, டின்னுக்குள் இருக்கும்போதே வெப்பத்தில் நாளுக்கு நாள் கறுக்கும் இயல்புடையது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் இந்த மெய்யார் வினையைத்தான் பால் சுண்டிப் பால்கோவா ஆகும்போது காண்கிறோம். வாங்கும்போது டின்னின் மேல் அச்சிட்ட தேதியைப் பார்ப்பது சிறிய வேலைதான், ஆனால் பலரும் அதைச் செய்வதில்லை. மேலும், வீட்டு மின்னடுப்பில் 20 லிட்டரைத் தளதளவெனக் கொதிக்கவைப்பது கடினம் என்பதால், முழு எக்ஸ்ட்ராக்டையும் 10 லிட்டர் நீரில் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, பின்னர் குளிர்ந்த நீரை ஊற்றி அளவைக் கூட்டுகிறோம். சாறு எவ்வளவு செறிவாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக அது கறுக்கும். எக்ஸ்ட்ராக்டில் ஒரு பங்கை மட்டும் தொடக்கத்தில் சேர்த்து, மீதியைக் கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது சேர்த்தால் நிறம் கண்கூடாக வெளிறும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கலக்க வேண்டும். இல்லையேல் பாகு அடியில் படிந்து தீயும், அந்தத் தீய்ந்த சுவையை எதனாலும் போக்க முடியாது.

இன்னொரு வகைக் கறுப்பு நம் கண்ணின் மயக்கமே. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள நொதிகலனில் அடர்பழுப்பாகத் தெரியும் பியர், ஆறேழு சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிக் குவளையில் செம்பொன்னாகத் தெரியும். ஒளி கடக்கும் தொலைவு கூடக்கூட நிறம் அடர்ந்து தோன்றுகிறது. ஈஸ்ட் மிதந்துகொண்டிருக்கும் வரை பியர் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரிவதும், ஈஸ்ட் அடியில் படியப் படிய மேலிருந்து கீழாகக் கறுத்து இறங்குவதும் இயல்பானவையே. இதைக் கண்டு பதறி, கெட்டுவிட்டது என்று எண்ணி முழுக் கலனையும் கொட்டிவிட்ட ஒருவரை நான் அறிவேன். அவரை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. காய்ச்சிய நாள், அடைக்கும் நாள், அதன்பின் மாதம் ஒரு நாள் என ஒரே குவளையில் சிறிது ஊற்றி, வெள்ளைத் தாளின் முன்வைத்துப் பார்த்துக் குறித்துவைத்தால் எப்போது கறுத்தது என்பது தெரிந்துவிடும்.

கட்டுரையில் கருமையான பியரில் போதை அதிகம் என்ற பொருள்படும் வரி ஒன்றும் இருந்தது. அது சரியன்று. கரிய நிறமுடைய கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம், இளம்பொன்னிறமான பெல்ஜியத்தின் டுவெல் பியரில் 8.5 சதவீதம். கரிய நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருகிறது, ஆல்கஹால் ஈஸ்ட் உண்ணும் சர்க்கரையிலிருந்து வருகிறது.

நான் இக்கடிதத்தை எழுத முதற்காரணம், கட்டுரையில் தரப்பட்ட செய்முறையில் கேரமல் மால்ட்டின் நிறம் வெறுமனே ‘60’ என்று அச்சாகியிருப்பதாகும். மால்ட்டின் நிறத்தை அளக்க இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பியர் ஆலை நடத்திய ஜோசப் வில்லியம்ஸ் லாவிபாண்ட், நிறக் கண்ணாடித் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியை 1880-களில் உருவாக்கியதிலிருந்து வரும் லாவிபாண்ட் அளவு. அமெரிக்க மால்ட் மூட்டைகளில் இன்றும் அதுவே காணப்படுகிறது. மற்றொன்று ஐரோப்பிய மூட்டைகளில் அச்சிடப்படும் ஈபிசி (European Brewery Convention) அளவு. லாவிபாண்ட் 60 என்பது ஈபிசியில் ஏறக்குறைய 160 ஆகும். நம் ஊர்க் கடைகளில் இரு வகை மூட்டைகளும் அருகருகே விற்கப்படுகின்றன. ஈபிசியில் 60 என்று எழுதப்பட்ட செய்முறைக்கு லாவிபாண்ட் 60 மால்ட்டை வாங்கிவந்தவரின் பியர், அவர் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கறுத்துத்தான் போகும். இந்த ஒரு நேரத்தில் மட்டும் மால்ட்டைக் குறை சொல்வது பொருந்தும், அதுவும் எண்ணின் அளவு குறிப்பிடப்படாததால் வந்த வினை.

எனவே அந்த ‘60’ எந்த அளவில் தரப்பட்டது என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு அடுத்த ஞாயிறு பக்கத்தில் திருத்தமாக வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூரில் 2004-ஆம் ஆண்டு முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், ஒரு குடும்பம் மாதத்திற்கு 30 லிட்டர் வரை பியர் தயாரித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. 20 லிட்டர் செய்முறை ஒன்று பாழானால், அதே அளவை மீண்டும் செய்து பார்க்க அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு இந்த வாரம் கடைக்குப் போகவிருக்கும் வாசகருக்காகவே இதை அவசரமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்