ஃபெஞ்சல் நாள்களில் சுற்றுலா வந்தவர்களைப் பார்த்துக்கொண்ட உங்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. கடற்கரை, படகுச் சவாரி, ராட்டினம் என்று பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். எந்தத் தெரு பள்ளம், எந்த வாய்க்கால் எங்கே பொங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் கட்டிக்காத்து ஊர் அனுப்பிவைத்தவர்கள் நீங்கள். புதுவையிலும் கடலூரிலும் தங்கும் விடுதி, படகுத்துறை, ராட்டினத் திடல் நடத்துகிற நாங்கள் சேர்ந்து இந்த நன்றி மடலை எழுதுகிறோம். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை. யார் என்ன செய்தீர்கள், அதை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று விவரமாகச் சொன்னால்தான் நன்றியும் முழுமையாகும்; அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

முதல் நன்றி ராட்டினத் திடல் ஊழியர்களுக்கு. காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90 வரை வீசும் என்று வானிலை மையம் சொன்னவுடனே நீங்கள் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டீர்கள். ராட்டினம் ஓட்டுவதற்கு வழக்கமான காற்று வரம்பு விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். தயாரித்தவர் கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. காற்றின் வேகம் ஏறும்போது அது தள்ளும் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 54இல் இருக்கும் விசை 90இல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிவிடும். ஆகவே ஓட்டாமல் நிறுத்திவைத்தால் மட்டும் போதாது. காற்று பிடிக்கும் பரப்பையும் குறைத்தாக வேண்டும். பெரிய ராட்டினத்தின் தொட்டிகளை நீங்கள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாகக் கழற்றிய பக்குவத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரே பக்கமாகக் கழற்றிக்கொண்டே போனால் எடை மறுபக்கம் சாய்ந்து, பிரேக்கையும் மீறிச் சக்கரம் சுற்றி, கீழே நிற்பவர் தலையில் இடிக்கும். பிளக்ஸ் பேனர், தகரப் பலகை, விளக்குச் சட்டம் எல்லாவற்றையும் தொட்டிகளுக்கு முன்பே இறக்கிவிட்டீர்கள்.

குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றுப் பலூனை அதற்கும் முந்தியே சுருட்டிக் கட்டிவிட்டீர்கள். அதற்கு வரம்பு மணிக்கு 38 கிலோமீட்டர்தான்; கடற்கரையில் சாதாரண மழைக்காற்றே சில நேரம் அதைத் தொட்டுவிடும். நீச்சல் குளத்தைக் காலி செய்துவிடலாமே என்று சிலர் யோசனை சொன்னபோது கூடாது என்று பிடிவாதமாக நின்ற பிளம்பர் அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கடலோரத்தில் பெருமழை பெய்தால் நிலத்தடி நீர் மேலே ஏறிவரும். அப்போது குளம் காலியாகக் கிடந்தால் கீழிருந்து வரும் நீரழுத்தம் தரையையே தூக்கி வெடிக்கவைக்கும். உள்ளே நிற்கும் தண்ணீரின் எடைதான் குளத்துக்குக் காப்பு. ஓர் அடி குறைத்து, பம்பு மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, பேனல் பெட்டியை மேலே தூக்கிக் கட்டினாரே, செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

மழை விட்டு வெயில் அடித்ததும் "இன்னும் ஏன் ஓட்டவில்லை?" என்று பிள்ளைகள் கேட்டார்கள், பெற்றோரும் கேட்டார்கள். நீங்கள் அசையவில்லை. அடியில் கொடுத்திருந்த மரக்கட்டைகளுக்குக் கீழே மண் அரித்திருக்கிறதா என்று பார்த்து, ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, ஒவ்வொரு கொண்டியிலும் பூட்டு ஊசி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தீர்கள். நனைந்த மோட்டார்களை உலர்த்தி, மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்து, காப்பு மின்தடை 1 மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகே இணைப்புக் கொடுத்தீர்கள். முதலில் வெறும் ராட்டினம், அடுத்து மணல் மூட்டை ஏற்றிய ராட்டினம், அதற்கப்புறம்தான் பிள்ளைகள். இந்த வரிசையை யார் அவசரப்படுத்தினாலும் மாற்றக் கூடாது.

விடுதிகளில் வேலை பார்க்கும் தம்பிகளே, தங்கைகளே, துறைமுகத்தில் 7ஆம் எண் கூண்டு ஏற்றினால் புயல் துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலேயோ கடக்கப்போகிறது என்று பொருள். அதை வந்தவர்களிடம் பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொன்னது நீங்கள்தான். கரண்ட் இருக்கும்போதே மேல் தொட்டியை நிரப்பியது, சம்ப் மூடியைப் பாலிதீன் போட்டு மணல் மூட்டையால் அமுக்கியது, லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி மின்சாரத்தை அணைத்தது, தரைத்தளக் கழிப்பறைப் பீங்கானில் மணல் பையை வைத்து அடைத்தது என்று எதையும் விடவில்லை. லிஃப்ட் கீழே நின்றிருந்தால் குழியில் நிறையும் தண்ணீர் பெட்டியையும் வயர்களையும் நாசமாக்கியிருக்கும். தெருவில் தண்ணீர் ஏறினால் மலக்குழி நீர் குழாய் வழியே எதிர்த்து அறைக்குள் வரும்; ஒரு மணல் பை அதைத் தடுத்துவிடும். தரைத்தள அறைகளில் இருந்தவர்களைப் பொழுது சாயுமுன்னே மாடிக்கு ஏற்றிவிட்டீர்கள்.

அதன் அருமை விடிந்தபோது தெரிந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் அடித்த தானே புயலில் காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர்; மரங்களும் மின்கம்பங்களும் கடலூர் வரை படுத்துவிட்டன. அந்த நினைப்பில் ஊரே காற்றுக்குத்தான் பயந்து நின்றது. ஃபெஞ்சலோ கரையைக் கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அதே இடத்தில் நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் புதுவையில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31இல் பெய்த 21 சென்டிமீட்டர்தான். கடலும் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் வாய்க்கால் தண்ணீர் வடிய வழியில்லாமல் கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர், வெங்கட்டா நகர் எல்லாம் ஏரியாக நின்றன.

நள்ளிரவு தாண்டிச் சென்னையிலிருந்து கிளம்பி விடிகாலையில் வந்து சேர்ந்த ராணுவ வீரர்களுக்கும், தீயணைப்புத் துறையினருக்கும், பேரிடர் மீட்புப் படையினருக்கும் எங்கள் வணக்கம். அவர்களோடு தெருவில் படகு இறக்கிய மீனவச் சொந்தங்களே, உங்கள் படகே உங்கள் பிழைப்பு. சுவரும் கேட்டும் பைக்கும் முழுகிக் கிடக்கிற தெருவில் அதை ஓட்டினால் அடிப்பகுதி கிழியும் என்று தெரிந்தே கொண்டுவந்தீர்கள். இன்ஜினை மேலே தூக்கிவைத்துவிட்டு, முன்னால் ஒருவர் கழியால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்க, இருபுறமும் இருவர் விளிம்பைப் பிடித்துத் தள்ளினீர்கள். ஏறியவர்களை நடுவில் குந்தவைத்து, எழுந்து நிற்காதீர்கள் என்று அதட்டியதும் நல்லதற்கே. பயந்த கூட்டம் ஒரே பக்கம் சாய்ந்தால் பைபர் படகு கவிழ எத்தனை நேரமாகும்?

படகுத்துறைப் பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தபோது சிறுவர் அளவைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவும். கால்களுக்கு நடுவே போகும் பட்டையைக் கட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, ஜாக்கெட் காதுக்கு மேல் ஏறவில்லை என்று தெரிந்த பின்பே படகில் ஏற்றினார்கள். திறந்து கிடந்த சாக்கடைக் குழிகளில் வேப்பங்கிளை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போன தெருக்காரர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. இதைப் படித்தால் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மின்துறை ஊழியர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நெஞ்சு நிறைகிறது. கரண்ட் ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டே இடுப்பளவுத் தண்ணீரில் கம்பத்துக்குக் கம்பம் நடந்தவர்கள் நீங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மேடையும் கேபிள் பெட்டியும் முழுகியிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் தெருவில் நிற்பவர் உயிர் போகும். ஆகவே தண்ணீர் வடியும்வரை காத்திருந்து, பெட்டியைத் திறந்து துடைத்து உலர்த்தி, கம்பியில் கைவைக்குமுன் அதிலுள்ள மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடு போட்டு, ஒவ்வொரு பகுதியாக மின்சாரம் கொடுத்தீர்கள். விடுதி நடத்துவோர் எல்லோரும் இதையும் நினைவில் வைக்க வேண்டும்: தெரு லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராமல் பிரித்துவைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேராக வீட்டு வயரிங்கில் இணைத்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாக லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, கம்பத்தில் இருப்பவரைத் தாக்கும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி அவர் ஏறியிருப்பார். ஒவ்வொரு கட்டடத்திலும் நுழைந்து சேஞ்ச்ஓவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போன வயர்மேன் அண்ணன்மார்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

டீசல் கொண்டுவந்து சேர்த்த பங்க் ஊழியர்களுக்கும் நன்றி. 62.5 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் சுமையில் மணிக்குச் சுமார் 12 லிட்டர் குடிக்கும். 200 லிட்டர் பீப்பாய் 17 மணி நேரம்கூட முழுதாகத் தாங்காது. அதனால்தான் ஏசியை நிறுத்திவிட்டு, தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, செல்போன் சார்ஜ் என்று நேரம் பிரித்து ஓட்ட வேண்டியிருந்தது. விருந்தாளிகளும் முகம் சுளிக்காமல் புரிந்துகொண்டார்கள்.

குடிநீர் விஷயத்தில் சுகாதாரத் துறைச் சகோதரிகள் வீடு வீடாக, விடுதி விடுதியாக வந்தீர்கள். வெள்ளம் புகுந்த சம்ப்பை இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னீர்கள். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் குழம்பாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்துக் கடைசிக் குழாயில் பிடித்துக் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தீர்கள். வாய் திறந்து கிடந்த பழைய பவுடர் மூட்டையை வேண்டாம் என்று ஒதுக்கியதும் சரிதான். காற்றுப்பட்டால் அதன் வீரியம் போய்விடும்.

இன்சுலின் போடும் பெரியவர்களுக்காக மருந்துக்கடை ஐயா செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்ஜ் ஓடவில்லை என்று பதறியவர்களிடம், ஐஸ்கட்டி மேல் வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து கெட்டுவிடும், ஈர மணல் கொண்ட மண்பானைக்குள் கிண்ணம் வைத்து அதில் வையுங்கள் என்று சொல்லி, பானையையும் அவரே கொடுத்தார்.

சமையற்கட்டு அக்காமார்களே, 50 பேருக்கு 4 கிலோ பச்சரிசி, 1 கிலோ பாசிப்பருப்பு என்று பொங்கலை ஏற்றிவிட்டு, மதியத்துக்குப் புளிசாதமும் கட்டிவைத்தீர்கள். தேங்காய் சேராததால் இரவுவரை கெடாமல் இருந்தது. செல்போன் சிக்னல் இல்லாமல் பணம் அனுப்ப முடியாதபோது, முன்பின் தெரியாதவர்களுக்குப் பால் பவுடரும் பிஸ்கட்டும் நாப்கினும் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்த மளிகைக் கடைக்காரர்களின் மனசு யாருக்கு வரும்!

கடலூர் நண்பர்களுக்கு இன்னொரு வகையில் நன்றி. புயல் போய்விட்டது, சில்வர் பீச்சைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று கிளம்பியவர்களை வழியிலேயே மறித்தீர்கள். ஃபெஞ்சல் உள்ளே நகர்ந்து திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழையால் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அது தென்பெண்ணை வழியே கடலூரில்தான் கடலில் சேர வேண்டும். மேலே பெய்த மழையின் வெள்ளம், கரையில் வெயில் அடிக்கும்போது வந்து சேரும். அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை முழுகியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நின்றன. எந்த வழி திறந்திருக்கிறது என்று ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக் கேட்டு, தெரியாத குறுக்குவழியில் இறங்காமல் பேருந்துகளைக் கொண்டுபோனீர்கள்.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று வாகன நிறுத்தத்தில் கத்திக்கொண்டே ஓடினீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும், காப்பீட்டிலும் சிக்கல் வரும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் ஃபில்டரைப் பார்த்து, ஆயில் பால் நிறமாக மாறியிருந்தால் வடித்து மாற்றி, அதன் பிறகே சாவியைக் கொடுத்தீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மீட்பு அவசரத்தில் பலரும் கொடுத்துவிட்டுப் போன டீசல் பம்பு, உறிஞ்சு குழாய், தார்ப்பாய், நைலான் கயிறு, பெட்ரோமாக்ஸ், அண்டா, லைஃப் ஜாக்கெட் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பம்பைச் சுத்தம் செய்து ஆயில் மாற்றிவைத்திருக்கிறோம். அண்டாக்களில் பெயர் வெட்டியிருப்பதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். பெயர் இல்லாதவற்றை அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்காரர்கள் வரும்போது நோட்டில் பாக்கி இருப்பவர் பெயர்களையும் கொண்டுவாருங்கள், ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் அனுப்பிய பணம் எங்களிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
புதுவை, கடலூர் விடுதி, படகுத்துறை, ராட்டினத் திடல் நடத்துவோர்