சபைகூடலில் ரோத்தான் (பிரம்படி): பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

"பட்டாளம் மாதிரி, சபைகூடலில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க ரோத்தானால் போடுங்கள், தாமதமாக வருவது தானாக நிற்கும்" என்று கடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் (பெ.ஆ.ச.) கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். பட்டாளத்தில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டிஷ் படையில் கசையடி ஊரறியத்தான் நடந்தது. முக்காலி போல் நிறுத்திய கம்புகளில் சிப்பாயைக் கட்டுவார்கள். படைப்பிரிவே சுற்றி நிற்கும். முரசுக்காரர்கள் ஒன்பது வார் சாட்டையால் அடிப்பார்கள். 25 அடிக்கொரு முறை கை மாறும், கை சோர்ந்து வேகம் குறையக் கூடாதாம். பக்கத்தில் மருத்துவரும் நிற்பார்!

மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன் கென்ட் கோமகன் 1802இல், ஸ்பெயினின் தென்முனையில் பிரிட்டிஷார் வைத்திருந்த ஜிப்ரால்டர் கோட்டைக்கு ஆளுநரானார். மதுக்கடைகளை மூடினார், கெடுபிடியைக் கூட்டினார். அந்தக் கிறிஸ்துமஸ் சமயமே சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். மறு ஆண்டு அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவருடைய அண்ணன், படைத் தலைமைத் தளபதி யார்க் கோமகன், 1812இல், ரெஜிமெண்ட் என்னும் படைப்பிரிவுகள் தாமே நடத்தும் விசாரணைகளுக்கு 300 அடி என்று வரம்பு வைத்தார். அதைக் கருணை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 1846இல் லண்டன் அருகே ஹவுன்ஸ்லோவில் 150 அடி வாங்கிய ஒரு சிப்பாய் சில வாரங்களில் இறந்தார். வரம்பு 50க்கு இறங்கியது. அடுத்து வந்த அரச குடும்பத் தளபதி கேம்பிரிட்ஜ் கோமகன் கசையடியை விட மனமில்லாதவர். ஆனாலும் 1868இல் அமைதிக் காலத்திலும் 1881இல் முற்றாகவும் அது படையை விட்டுப் போனது. அப்போது அரசி, அந்தக் கென்ட் கோமகனின் மகள் விக்டோரியா.

பட்டாளமே கைவிட்டதை நாம் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம். மலேசியாவில் நமக்கு 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பிரம்படி அறவே கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடைக்கு மேல் பின்புறத்திலோ மட்டும். சபைகூடலில் அடிப்பதற்கு இடமில்லை.

தாமதத்துக்கு இனி இப்படிச் செய்வோம். பிள்ளை வந்த நேரத்தையும் காரணத்தையும் வகுப்பாசிரியர் குறிப்பேட்டில் எழுதுவார். அன்று இரவே கையொப்பமிடுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாகக் கையொப்பமிட்டால் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. ஒரே மாதத்தில் மூன்று முறையானால் உங்களை அழைப்போம். செம்பனைக் காட்டுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள் மாலையில் வரலாம். வேன் பிந்தினால் அதையும் எழுதுங்கள். வேனுக்காகப் பிள்ளையை அடிக்க முடியாது.

கீழ்ப்பகுதியைக் கிழித்து, உங்களுக்குத் தோதான நேரத்தைக் குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இக்கண்,
தலைமையாசிரியர்