சீதல் நிவாஸிலிருந்து தளபதிக்குப் போன கடிதம்

நேபாளத்தின் முதல் குடியரசுத் தலைவர் டாக்டர் ராம் பரண் யாதவ் அவர்களுக்கு,

வணக்கம்.

2009 மே 3-ம் தேதி இரவு, குடியரசுத் தலைவர் மாளிகையான சீதல் நிவாஸிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அன்று பகலில் மாவோயிஸ்ட் பிரதமர் பிரசந்தாவின் அமைச்சரவை, ராணுவத் தலைமைத் தளபதி ருக்மாங்கத் கட்டவாலைப் பதவிநீக்கம் செய்துவிட்டு, குல் பகதூர் கட்காவைப் பொறுப்புத் தளபதியாக அறிவித்தது. இரவோடு இரவாக, பதவியில் தொடரும்படி கட்டவாலுக்கே நேராக எழுதினீர்கள். மறுநாள் பிரசந்தா தொலைக்காட்சியில் தோன்றி ராஜினாமாவை அறிவித்தார். உங்கள் நாட்டில் முடியாட்சி போய் அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. தமிழர்களான எங்கள் கண்ணெல்லாம் அந்த மே மாதம் முள்ளிவாய்க்கால் பக்கம் இருந்தது. காத்மாண்டுவில் என்ன நடந்தது என்று எங்களில் பலர் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பிரசந்தாவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. கட்டவால் ஓய்வுபெறச் சுமார் நான்கே மாதம் இருந்தது. அதுவரை பொறுக்காமல் ஏப்ரலில் அவரிடம் 24 மணி நேரத்தில் விளக்கம் கேட்டார்கள். நீக்க முடிவெடுத்த அன்று கூட்டணியில் இருந்த யு.எம்.எல். என்ற கம்யூனிஸ்ட் கட்சியின் அமைச்சர்களே எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு முடிவெடுத்ததாக அறிவித்தார் பிரதமர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய கட்சிக்கென்று சொந்தப் படை ஒன்று இருந்தது. ஐ.நா. குழு சரிபார்த்த கணக்கில் 19,602 பேர் முகாம்களில் காத்துக்கிடந்தார்கள். அந்தப் படையையும் கலைக்காமல் அரசின் ராணுவத்தையும் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறாரே என்று மற்ற கட்சிகள் பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் கட்டவால் என்ன செய்தார்? மாவோயிஸ்ட்டுகளோடு நடந்த உள்நாட்டுப் போரை முடித்த சமாதான உடன்படிக்கை ஆளெடுப்பைத் தடுத்திருந்தும் சுமார் 3,000 பேரைப் படையில் சேர்த்தார். எட்டு பிரிகேடியர் ஜெனரல்களுக்குப் பணிநீட்டிப்பு இல்லை என்று அரசு முடிவெடுத்தபோது அதை ஏற்காமல் முரண்டு பிடித்தார். தேசிய விளையாட்டுப் போட்டியில் மாவோயிஸ்ட் படையினரும் கலந்துகொள்கிறார்கள் என்றதும் ராணுவ வீரர்களைச் சில போட்டிகளிலிருந்து விலக்கிக்கொண்டார். ஓட்டப்பந்தயக் களத்தில்கூட அவர்களோடு நிற்கமாட்டோம் என்பதற்கு என்ன பொருள், டாக்டர்? தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஒன்று வந்திருக்கிறது, அதன் பேச்சை இனி கேட்டாக வேண்டும் என்பதே அரண்மனை ஆதரவில் வளர்ந்த அந்தத் தளபதிக்கு உறைக்கவில்லை. இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றை எங்கள் ராணுவத் தளபதி செய்திருந்தால் அடுத்த வாரம் அவர் வீட்டில் இருந்திருப்பார்.

உச்சத் தளபதி குடியரசுத் தலைவர்தான், அவர் ஒப்புதல் இல்லாமல் நீக்கம் செல்லாது என்பது உங்கள் தரப்பு வாதம். இந்தியாவிலும் முப்படைகளுக்கும் தலைவர் குடியரசுத் தலைவர்தான். 1998 டிசம்பர் 30-ம் தேதி வாஜ்பாய் அரசு கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தைப் பதவிநீக்கம் செய்தது. இங்கே பெரிய ரகளை ஆயிற்று. பகவத்தை மீண்டும் நியமிக்க வேண்டும், பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸை மாற்ற வேண்டும் என்று ஜெயலலிதா கிடுக்கிப்பிடி போட்டார், கடைசியில் ஆதரவையும் விலக்கிக்கொண்டார். 1999 ஏப்ரல் 17 அன்று ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. அந்த ஒரு ஓட்டைப் பற்றி இன்றைக்கும் இங்கே பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அத்தனை அமளியிலும் அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் கடற்படைத் தளபதிக்கு ‘நீங்கள் தொடருங்கள்’ என்று கடிதம் எழுதவில்லை. சண்டை மக்களவையில் நடந்தது, அங்கேயே எண்ணி முடித்தார்கள்.

உங்களுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அதே மே 3-ம் தேதி யு.எம்.எல். ஆதரவை விலக்கியது. தேர்தலில் 575 இடங்களில் 220-ஐப் பிடித்த மாவோயிஸ்ட்டுகள் தனியாக ஆட்சி நடத்த முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பான்மையை நிரூபியுங்கள் என்று பிரதமரிடம் சொல்லியிருந்தால் சபையே கணக்கைத் தீர்த்திருக்கும். அடுத்து வரும் அமைச்சரவை, வேண்டுமானால் கட்டவாலைத் திரும்ப உட்காரவைத்திருக்கலாம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தேவைப்பட்டது சில நாள் பொறுமை.

அந்தச் சில நாளுக்குள் கட்கா வழியாகப் படைத்தலைமையே மாவோயிஸ்ட்டுகள் கைக்குப் போயிருந்தால் என்ன ஆவது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உங்களை ஆதரிப்பவர்கள் அதற்கு மாவோயிஸ்ட் படையின் சக்திகோர் முகாமில் எடுத்த வீடியோவைக் காட்டுவார்கள். எங்கள் ஆட்கள் ஏழெட்டாயிரம் பேர்தான், 35,000 என்று சொல்லி எண்ணிக்கையை ஏற்றிக்காட்டினோம் என்று பிரசந்தா தன் போராளிகளிடமே பெருமையடிக்கும் காட்சி அது. கேவலமான பேச்சு, சந்தேகமில்லை. ஆனால் அது ஊருக்குத் தெரிந்தது மே 5-ம் தேதி. உங்கள் கடிதம் போய், பிரதமரும் போன பிறகு. முதலில் செய்துவிட்டுப் பிறகு கிடைத்த காரணத்தை முன்தேதியிட்டு ஒட்டிக்கொள்ள முடியாது.

எங்கள் டெல்லியின் கைவரிசையையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கட்டவாலைத் தொடாதீர்கள் என்று இந்தியத் தூதர் பிரசந்தாவைத் திரும்பத் திரும்பப் பார்த்து வலியுறுத்தியது ஒன்றும் ரகசியமில்லை. தன் நாட்டில் தளபதியை அரசு நீக்கலாம், பக்கத்து நாட்டில் கூடாது என்பதற்குப் பெயர் என்ன என்று டெல்லியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது வேறு.

பின்னால் நடந்ததை எல்லாம் உங்கள் தலையில் கட்டமாட்டேன். ஆனாலும் பாருங்கள். 2008 தேர்தலில் நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்ற மாதவ் குமார் நேபாள் பிரதமர் ஆனார். ராணுவம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற பொருளில் ‘குடிமை மேலாதிக்கம்’ என்ற முழக்கத்தோடு மாவோயிஸ்ட்டுகள் மாதக்கணக்கில் சபையை முடக்கினார்கள். உங்கள் நடவடிக்கையைச் சபையில் விவாதிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஆயுதம் ஏந்தி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தவர்களின் வாயில் அந்த முழக்கம் பொருந்தவே பொருந்தாது. அதைப் பொருந்தும்படி செய்து கொடுத்தவர் நீங்கள். 2010 ஜூனில் மாதவ் குமாரும் விலக, அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்க 17 சுற்று வாக்கெடுப்பு நடந்தது. புதிய அரசியலமைப்பை எழுத வந்த அரசியல் நிர்ணய சபை அந்த வேலையை முடிக்காமலே 2012 மே மாதம் காலாவதியானது.

எதற்குப் பயந்து அந்தக் கடிதம் எழுதப்பட்டதோ, அந்தப் படை என்ன ஆனது? 2012 ஏப்ரலில் நேபாள ராணுவம் முகாம்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்கு உத்தரவு கொடுத்தவர் மாவோயிஸ்ட் பிரதமர் பாபுராம் பட்டராய். பெரும்பாலானோர் பணம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ராணுவத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,400 பேர். உட்கார்ந்து பேசியே முடிந்துபோன விஷயம்.

2015 செப்டம்பர் 20 அன்று புதிய அரசியலமைப்பை நாட்டுக்கு அறிவித்தவரும் நீங்கள்தான். அதன் 267-வது பிரிவில், அமைச்சரவையின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் தலைமைத் தளபதியை நியமிப்பார், நீக்குவார் என்று இருக்கிறது. நீக்குவார் என்பதும் எழுத்திலேயே இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட ஏடு அது.

ஆகவே ஒரே ஒரு கேள்வி. இன்றைக்கு சீதல் நிவாஸில் இருப்பவரிடம் இதேபோல ஒரு நீக்கப் பரிந்துரை வந்து, பல கட்சிகள் வாசலில் நின்று தடுக்கச் சொன்னால், அவர் தளபதிக்கு நேராகக் கடிதம் எழுதலாமா, கூடாதா? கூடாது என்றால் 2009-லும் கூடாதுதான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எழுதலாம் என்றால், 267-வது பிரிவை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று விளக்குங்கள்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன்