கிஃபோர்ட் தெரு வரை கூட வந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, வடக்கு லண்டனில் கலிடோனியன் சாலைக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்திய கெஸ்கிடீ நினைவு மாலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். நீங்கள் செய்தது நாலுபேருக்குத் தெரியவேண்டும் என்று பிறகு தோன்றியது. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

வரமுடியாமல் போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கயானாவில் பிறந்த கட்டடக் கலைஞர் ஒஸ்கார் ஏப்ரம்ஸ், கிஃபோர்ட் தெருவில் இருந்த பழைய மிஷன் மண்டபம் ஒன்றில் 1971இல் கெஸ்கிடீ மையத்தைத் தொடங்கினார். பிரித்தானியாவில் கறுப்பின மக்களுக்கென்று எழுந்த முதல் கலை மையம் அதுதான். கெஸ்கிடீ என்பது அவர் ஊர்ப்பக்கத்துக் குருவி ஒன்றின் பெயர். மஞ்சள் வயிறும் ஓயாத சத்தமுமாக இருக்கும். நூலகம், நாடக அரங்கு, ஓவியக்கூடம், சாப்பாட்டுக்கடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கவிஞர் லிண்டன் குவேசி ஜோன்சன் அங்கே சம்பளத்துக்கு நூலகத்தையும் கல்வி வேலையையும் பார்த்தார். நைஜீரியச் சிற்பி இமானுவேல் ஜெகெடே அங்கேயே இருந்து வேலைசெய்தார். யமேக்காவின் ரெகே பாடகர் பொப் மார்லி 1978இல் தன் பாட்டு ஒன்றுக்குப் படம் எடுத்ததும் அந்த மண்டபத்தில்தான். அதில் ஆடுகிற பிள்ளைகளில் ஒருத்தி பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மொடல் ஆன நவோமி கேம்பல். அப்போது அவளுக்கு ஏழு வயது.

கனபேருக்கு மார்லி கதை மட்டும்தான் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1979. கெஸ்கிடீ நாடகக் குழு நியூசிலாந்துக்குப் போய், அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கூடும் மராய் என்கிற பொது இடங்களில் அவர்களோடு தங்கி நாடகம் போட்டது. லண்டனில் ஒரு சந்துக்குள் இருந்த மண்டபம் உலகத்தின் மறுகரையில் சொந்தம் தேடிக்கொண்டது. எந்த அரசாங்கமும் அனுப்பிவைத்த தூதுக்குழு இல்லை அது. கூப்பிட்டவர்களும் போனவர்களும் சாதாரண சனங்கள்.

“இதைத் தமிழர் ஏன் நடத்தவேண்டும்?” என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டன் வந்த எழுத்தாளர் அ. சிவானந்தன் இறங்கிய நேரம், இங்கே நொட்டிங் ஹில்லில் கரீபிய மக்களை வெள்ளை இளைஞர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பட்டதையும் இங்கே கண்டதையும் அவர் கடைசிவரை சேர்த்தே யோசித்தார். கறுப்பு என்பதை அரசியலின் நிறமாகப் பார்த்தார். ஆப்பிரிக்கர், கரீபியர், ஆசியர் எல்லாரும் அவருக்கு அதற்குள் அடக்கம். அவர் நூலகராக இருந்த இன உறவுகள் ஆய்வகத்தை 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து தங்கள் பக்கம் திருப்பினார்கள். அப்புறம் அது குடிபோன பென்டன்வில் சாலையிலிருந்து கிஃபோர்ட் தெருவுக்கு நடந்தே போகலாம். நாங்கள் அந்த மாலை மூன்று மணிக்கு நடந்துபார்த்தோம்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் பேசிவைத்திருந்த மண்டபம் நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கைவிரித்துவிட்டது. அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. குடியிருப்பாளர் மண்டபத்தின் சாவியை வைத்திருக்கும் கானா நாட்டு அண்ணா, “எத்தனை கதிரை வேண்டும்?” என்று மட்டும்தான் கேட்டார். வாடகை பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அண்ணா, உங்களுடைய அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு ரயில் மாறி ஒலிபெருக்கியைத் தோளில் தூக்கிவந்த தம்பிமார், பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்துத் தந்த நூலகப் பணியாளர், மழையில் கடைசிவரை வாசலில் நின்று வழிகாட்டிய பிள்ளைகள், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதத்தான் வேண்டும். எங்கள் அன்ரிமார் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பற்றிஸ் சுட்டுக்கொண்டு வந்தார்கள். அதே மேசைக்கு யமேக்கா அம்மா ஒருவர் இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பற்றி” என்றார். எங்களுடையது சின்னது, எண்ணெயில் பொரித்தது, உள்ளே மீனும் கிழங்கும். அவருடையது கையளவு, மஞ்சள் மா, அவணில் வேகவைத்தது, உள்ளே இறைச்சி. பெயர் ஒன்று, இரண்டிலும் விளிம்பு அதே மாதிரி மடித்து அழுத்தியிருந்தது. முள்ளுக்கரண்டியால் அழுத்துவதா, விரலால் முறுக்குவதா என்று அந்த அம்மாவும் எங்கள் பெரியக்காவும் அரைமணி நேரம் கதைத்தார்கள். பெரியக்காவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அது ஒரு தடையாகவே இருக்கவில்லை. மேடையில் நாங்கள் பேசிய ஒற்றுமையைவிட அந்த மேசையில் நடந்தது எனக்கு நெருக்கமாக இருந்தது.

கடைசியாக, எழுபது வயதைத் தாண்டிய பார்படோஸ் அக்கா. அவர் பேசுவதாகவே இல்லை, கேட்கத்தான் வந்தார். ஒலிவாங்கியை நீட்டியதும் ஒரே ஒரு நினைவைச் சொன்னார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது மழை வந்ததாம். ஒதுங்குவதற்காகக் கெஸ்கிடீ கதவைத் தள்ளினாராம். உள்ளே நாடக ஒத்திகை. ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு, சூடாகக் குடிக்கக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். “ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் என்னை அப்படிக் கேட்காத முதல் கட்டடம் அது” என்றார். மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. என் பக்கத்தில் இருந்த பதினாறு வயதுப் பிள்ளை போனை அணைத்து மடியில் வைத்தாள்.

அந்தக் கட்டடத்தில் 2011 ஏப்ரலில் நினைவுத் தகடு பதித்தார்கள். ஒரு வருடம் திரும்புவதற்குள், 2012 மார்ச்சில், தீ பிடித்துப் பெரும் சேதம். நாங்கள் நடந்துபோய் நின்ற இடத்தில் ஒத்திகைச் சத்தம் ஏதும் இல்லை. அதைப் பார்த்து அழுத பார்படோஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உண்டியலில் விழுந்த காசு செலவுக்குச் சரியாகப் போனது, கடன் இல்லை. சாவி அண்ணா மாதத்தில் ஒரு சனிக்கிழமை மண்டபத்தை எங்களுக்கே விடுவதாகச் சொல்லியிருக்கிறார். புத்தக அலுமாரி ஒன்று தர ஒருவர் முன்வந்திருக்கிறார். தூக்கிவர வான் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெரியக்கா, உங்கள் எவர்சில்வர் டப்பா யமேக்கா அம்மாவிடம் இருக்கிறது. வெறும் டப்பாவாகத் திருப்பித் தரமாட்டாராம், அடுத்த சனிக்கிழமை வரட்டும் என்கிறார்.

அன்புடன்,
நிகழ்வை ஒழுங்குசெய்த நண்பர்கள் சார்பில்